ஊசிமுனையிலேயே முடிய வேண்டிய வேலை

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றப்போகிறேன் என்று சொல்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் நல்லது என்பதைத்தான். ஊசியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரியப்பா விட்டுப்போன தட்டுகளை மாலை நேரங்களில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ஒலி கம்பி வழியாகக் கணினிக்குள் போவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். அழுக்குத் தட்டையும் தேய்ந்த ஊசியையும் வைத்துப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் சாஃப்ட்வேரில் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தால், இரைச்சலைத் துடைக்கும்போது பாட்டும் கூடவே மங்கிப்போகும்.

எதற்கு இந்தப் பாடு, எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். எல்லாம் கிடைப்பதில்லை. தட்டாக வெளிவந்ததோடு சரி, பிறகு கேசட்டாகவோ சிடியாகவோ வராமலே போனவை நிறைய இருக்கின்றன. கிடைப்பவற்றிலும் பல, இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மேல்பகுதியையே வழித்தெடுத்தவை. அதோடு, தட்டு ஓடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. ஒழுங்காக ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால் அன்றாடம் கேட்பதற்கு ஃபைல் போதும், தட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

முதல் வேலை கழுவுவது. எல்பி தட்டில் (நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓடும் வினைல் தட்டு) பாட்டு பதிந்திருக்கும் பள்ளம் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான் அகலம். அதற்குள் தூசி, விரல் பிசுக்கு, பழைய உறையின் காகிதத் துகள், ஈரத்தில் பூத்த பூஞ்சை எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஊசி அவற்றில் இடறும்போதெல்லாம் ஒரு 'டப்' சத்தம் வரும். கார்பன் இழை பிரஷ் மேலோட்டமான தூசிக்குத்தான் உதவும். உள்ளே ஒட்டியிருப்பதை எடுக்கத் தண்ணீர் வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள உப்பு பள்ளத்திலேயே படிந்துவிடும். தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நிற்காமல் பள்ளத்துக்குள் இறங்க, வாசனையோ நிறமோ சேர்க்காத சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுகிறேன். பிசுக்கு அதிகமாக இருந்தால் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். ஆனால் இது வினைல் தட்டுக்கு மட்டும். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகளை ஆல்கஹால் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அரக்கு அதில் கரையும். ஒரு துளி பட்டாலும் அந்த இடத்துப் பாட்டு போனதுதான்.

துடைப்பது எப்போதும் பள்ளம் ஓடும் திசையில், வட்டமாக. குறுக்கே தேய்த்தால் அழுக்கு ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு மாறுமே தவிர வெளியே வராது. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் வெறும் வடித்த நீரில் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். சோப்பு காய்ந்து நின்றால் அதுவே புதிய அழுக்கு. பிறகு நிமிர்த்தி வைத்து முழுக்கக் காயவிட்டு, பழைய காகித உறையில் திருப்பிப் போடாமல் புது உள்ளுறையில் போடுவேன். பழைய உள்ளுறையையும் தூக்கிப் போடுவதில்லை, அட்டைக்குள் தனியாகச் செருகி வைக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஊசி. வைர ஊசியும் தேயும். பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம் வரை என்று கணக்குச் சொல்வார்கள். தேய்ந்த ஊசியின் முனையில் தட்டையான விளிம்புகள் உண்டாகி, அவை பள்ளத்தின் சுவரைச் சீவ ஆரம்பிக்கும். 'ச', 'ஸ' வரும் இடங்களில் எச்சில் தெறிப்பதுபோல ஓர் ஓசை கேட்டால் ஊசியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஊசி தட்டை அழுத்தும் பாரமும் முக்கியம். ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். இன்றைய மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை சரியாக இருக்கும், தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் வைத்தால் போதும். பாரம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேரெதிர். போதுமான பாரம் இல்லாத ஊசி சத்தமான இடங்களில் பள்ளத்தோடு ஒட்டாமல் துள்ளும். சுவருக்குச் சேதம் உண்டாவது அந்தத் துள்ளலில்தான். பாரம் அளக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

ஊசியின் வடிவம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மனசுக்கு நெருக்கமான தட்டுகளைக் காப்பாற்றுவது பல சமயம் இதுதான். கூம்பு வடிவ ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தொடும். வருஷக்கணக்கில் அப்படி ஓடிய தட்டில் அந்த உயரம் மட்டும் தேய்ந்திருக்கும். நீள்வட்ட முனையோ அதைவிட நுண்மையான முனையோ கொண்ட ஊசி, சுவரில் வேறோர் இடத்தைத் தொடும். அந்த இடம் இன்னும் தேயாமல் இருக்கலாம். பெரியப்பா தனக்குப் பிடித்த பாட்டுக்கு நேராக உள்ளுறையில் பென்சிலால் ஒரு டிக் போட்டு வைப்பார். பழைய உள்ளுறைகளை நான் பத்திரப்படுத்துவது அதற்காகத்தான். டிக் போட்ட பாட்டுகள்தான் எப்போதும் அதிகமாகக் கரகரக்கும், அவற்றைத்தானே அவர் அதிகம் ஓடவிட்டிருக்கிறார். ஒரு வயலின் தட்டின் இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டு கூம்பு ஊசியில் கேட்கவே முடியாதபடி இருந்தது. நுண்முனை ஊசிக்கு மாற்றியதும், வில் தந்தியில் திரும்பும் இடங்கள்கூடத் தெளிவாக வந்தன. எந்த ஃபில்டரும் இதைக் கொடுத்திருக்காது.

கடைசிப் பாட்டு என்றதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், 33⅓ எல்பியின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியின் அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் கடக்கிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒலியலை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கும். அதனால் உள்வட்டப் பாட்டுகள் சிதறலாகக் கேட்பது இயல்பு. கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். காகிதத்தில் அச்சிட்ட கோணமானி ஒன்றை வைத்து, அதில் குறித்திருக்கும் இரண்டு இடங்களிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது ஒரு மாலை வேலை. ஒருமுறை செய்தால் எல்லாத் தட்டுக்கும் பலன் கிடைக்கும்.

சரி, இப்போது கம்பி. தட்டைச் சுற்றவிடும் டர்ன்டேபிளின் கம்பியை நேராகக் கணினியின் மைக் துளையில் செருகிப் பார்த்துவிட்டு, சத்தம் தகரத்தில் தட்டுவதுபோல் வருகிறது, தட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. தட்டு கெடவில்லை. மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டும். கணினியின் லைன் இன் (வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் துளை) எதிர்பார்ப்பது அதைப்போலப் பல மடங்கு. அது மட்டுமல்ல. தட்டை வெட்டும்போதே அடித்தள ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். அடித்தள ஒலியை முழு அளவில் வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடிப் பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். மேல் ஒலியைக் கூட்டி வெட்டினால், திரும்ப ஒலிக்கும்போது அதைக் குறைக்கலாம், தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏவின் பெயரில் 1954இல் பொதுத் தரமாக வந்த வளைவு இந்தக் கூட்டல் கழித்தலைத்தான் வரையறுக்கிறது. இரண்டு முனைகளிலும் வித்தியாசம் 20 டெசிபல் அளவுக்குப் போகும். அதைத் தலைகீழாக்கி, சத்தத்தையும் உயர்த்தித் தருவதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். அது இல்லாமல் இந்த வேலை நடக்காது.

ஃபோனோ துளை உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். டர்ன்டேபிளை அதில் செருகி, 'டேப் அவுட்' துளையிலிருந்து கணினிக்கு எடுக்கலாம். பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் வால்யூம், பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் டேப் அவுட்டைத் தொடாது, அதனால் பதிவு ஒரே சீராக இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சில டர்ன்டேபிள்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும், பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதை லைனில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோவில் செருகினால் திருத்தம் இரண்டு தடவை நடந்து, குரல் தொட்டிக்குள் முழங்கும். யூஎஸ்பி டர்ன்டேபிள்கள் இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் ஒரே கம்பியில் வேலையை முடிக்கும். மாற்றக்கூடிய நல்ல கார்ட்ரிட்ஜும் பாரம் சரிசெய்யும் வசதியும் இருந்தால் அவற்றைத் தாராளமாக வாங்கலாம். செராமிக் கார்ட்ரிட்ஜ் வைத்து, அதிகப் பாரத்தில் தட்டை அழுத்தும் வகைகளில் நான் அரிய தட்டு எதையும் வைக்க மாட்டேன்.

'ம்ம்ம்' என்று விடாமல் ஓர் ஓசை வந்தால் டர்ன்டேபிளின் எர்த் வயர் ப்ரீஆம்பில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். பாதி நேரம் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

வேகத்தையும் சரிபார்ப்பது நல்லது. சுருதி தெரிந்த காதுக்குக் கொஞ்சம் மாறினாலும் உறுத்தும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கின் கீழ் வேகம் பார்ப்பதற்கென்றே 180 கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் தட்டை 33⅓இல் சுற்றவிட்டால் கோடுகள் நிலையாக நிற்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 216 கோடுகள். நகர்ந்தால் வேகம் சரியில்லை. சில எல்ஈடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்காது, அவற்றின் கீழே இது வேலை செய்யாமல் போகலாம்.

பதிவுக்கு நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேர். இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும், இந்த வேலைக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிகிறேன். அதாவது ஒலியை நொடிக்கு 96,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் (சாம்பிள்) 24 பிட் நுணுக்கத்தில் எழுதுவது. காதுக்கு சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே போதும் என்பதை மறுக்கவில்லை. 16 பிட்டின் 96 டெசிபல் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் உள்ள இடைவெளி, எந்த எல்பியின் வீச்சையும்விட அதிகம். ஆனாலும் 24 பிட்டில் சத்தத்தைத் தாராளமாகக் கீழே வைத்துப் பதியலாம், கீறல் சத்தங்களின் கூர்மையும் 96 கிலோஹெர்ட்ஸில் தெளிவாகப் பதிவாகும், பின்னால் அவற்றைப் பிரித்தறிவது சுலபம். உலகளாவிய ஒலிக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ, காப்பகப் பதிவுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வதே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நான் வைத்திருக்கும் அளவில் நிமிஷத்துக்குச் சுமார் 35 எம்பி ஆகும், 20 நிமிஷப் பக்கம் 700 எம்பிக்குப் பக்கத்தில் வரும். ஃப்ளாக் வடிவத்தில் சேமித்தால் ஒரு துளி இழப்பும் இல்லாமல் அது கணிசமாகச் சுருங்கும். எம்பி3 கேட்பதற்கான பிரதிக்குச் சரி, மூலத்துக்குக் கூடாது.

லெவலை, தட்டின் மிகச் சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபலைத் தொடும்படி வைக்கிறேன். டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுப் போய்விடும், திரும்ப வராது. ஆபரேட்டிங் சிஸ்டம் தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, ஒலியை மெருகேற்றுகிறேன் என்று வரும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். மெயில் வந்தால் மணியடிக்கும் சத்தத்தையும்தான். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனில் கேட்பேன். ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குப் போய்ப் பதிவில் கலக்கும்.

ஊசியை வைத்தபிறகு அந்தப் பக்கம் முடியும்வரை எதையும் தொடுவதில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு ஃபைல். ஆரம்பத்து வெற்றுப் பள்ளமும் முடிவில் லேபிளருகே சுற்றும் பள்ளமும் அதில் இருக்க வேண்டும். இந்த வேலையை வேகப்படுத்த வழி கிடையாது, 20 நிமிஷப் பாட்டுக்கு 20 நிமிஷம். அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்காமல் கூடவே உட்கார்ந்து கேட்கிறேன். எங்கே துள்ளியது, எங்கே கீறல் என்று நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். வேறு எதையும் செய்யாமல் ஒரு பக்கம் முழுக்கப் பாட்டுக் கேட்பது எனக்கு இப்போது இந்த வேலையில்தான் வாய்க்கிறது. அதனாலேயே இதை அவசரப்படுத்த மனமில்லை.

அப்புறம் திருத்துவது. பதிந்த ஃபைலை அப்படியே ஒரு பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிடுவேன். பிரதியில் முதலில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுகிறேன். வளைந்த தட்டின் ஏற்ற இறக்கமும் மோட்டாரின் உறுமலில் ஒரு பகுதியும் அங்கேதான் இருக்கும். பெரிய கீறல் சத்தங்களைக் கையால் ஒவ்வொன்றாக எடுப்பேன். ஆடாசிட்டியில் 'ரிப்பேர்' என்றொரு வசதி இருக்கிறது. 128 சாம்பிள் வரையிலான சின்னத் துண்டை அழித்து, இரண்டு பக்கத்து அலையையும் பார்த்து இடைவெளியை நிரப்பும். நன்றாக உருப்பெருக்கி, சத்தம் இருக்கும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் தழும்பே தெரியாது. மொத்த ஃபைலிலும் ஒரே அழுத்தில் கீறல் நீக்கும் வசதியைத் தாளவாத்தியம் உள்ள பதிவுகளில் நான் தொடுவதே இல்லை. தோலில் விரல் விழும் கணத்தையும் கீறலையும் அதனால் பிரிக்க முடியாது. அடி விழும், அதன் முனை மட்டும் மழுங்கியிருக்கும்.

இரைச்சல் நீக்கத்திலும் இதே கவனம் தேவை. அளவு மீறினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல ஆகிவிடும். நீக்கியது எது என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. திருத்திய ஒலியைத் தலைகீழாக்கி மூலத்தோடு சேர்த்தால், இரண்டிலும் பொதுவானவை ஒன்றையொன்று அடித்துவிட்டு, நீக்கப்பட்டது மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் வெறும் 'உஸ்' சத்தம் மட்டும் இருந்தால் பாதகமில்லை. பாடுகிறவரின் மூச்சோ தந்தியின் அதிர்வோ கொஞ்சம் கேட்டாலும் கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்கு நடுவே மெல்லிய இரைச்சல் இருந்தால் காது அதை ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும். போன மூச்சைக் காது மறக்காது.

இடம், வலம் என்று பிரிக்காமல் ஒரே ஒலியாகப் பதிந்த மோனோ தட்டுகளுக்கு ஒரு சின்ன வித்தை இருக்கிறது. ஸ்டீரியோ தட்டுகள் விற்பனைக்கு வந்தது 1958 வாக்கில். அதற்கு முந்தைய எல்பிகளில் ஊசி பக்கவாட்டில் மட்டுமே அசைய வேண்டும். ஆனால் தூசியும் தேய்மானமும் அதை மேலும் கீழுமாகவும் ஆட்டும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் இரண்டு சேனலாகப் பதிந்து, பிறகு இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் மேல்கீழ் அசைவால் வந்த இரைச்சல் தானாக ரத்தாகிவிடும். சில தட்டுகளில் பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் மோசமாகத் தேய்ந்திருக்கும். அப்போது நல்ல பக்கத்துச் சேனலை மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

மற்ற வேலைகள் பொறுமைதான். ஃபைலில் பாட்டு தொடங்கும் இடங்களில் குறி வைத்துப் பிரித்து, பெயர்களை எழுதி, தட்டின் லேபிளையும் உறையையும் படம் எடுக்கிறேன். 12 அங்குல உறை சாதாரண ஸ்கேனரில் அடங்காது, சீரான வெளிச்சத்தில் கேமராவால் எடுப்பது சுலபம். முடிவுப் பள்ளத்துக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களையும் எழுதிவைக்க வேண்டும். ஒரே தட்டின் வெவ்வேறு அச்சுகளைப் பிரித்தறிய அவை உதவும். எல்லாம் முடிந்தபின் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு பிரதி, மூன்றாவது பிரதி அண்ணன் வீட்டில். பெரியப்பாவின் டிக் அடையாளத்தையும் பாட்டின் குறிப்பில் சேர்த்துவிட்டேன், அண்ணன் பிள்ளைகள் அதை வைத்தே பாட்டைத் தேடுகிறார்கள்.

எஞ்சியிருப்பவை 78 வேகத்தில் ஓடும் அரக்குத் தட்டுகள். அவற்றின் பள்ளம் அகலமானது, எல்பி ஊசி அதன் அடியில் போய் அழுக்கைத்தான் உழும். 65 முதல் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆர முனையுள்ள ஊசி வேண்டும். 1954க்கு முந்தைய தட்டுகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் வெட்டிய வளைவும் வேறு, வேகமும் எப்போதும் சரியாக 78 இல்லை. ஆர்ஐஏஏ திருத்தம் செய்யாத ப்ரீஆம்பில் அப்படியே பதிந்துகொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்ற வளைவைக் கணினியில் போடுவதாகத் திட்டம். ஊசிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை இவற்றைக் கழுவி வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஆல்கஹால் இல்லாமல்.